ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுக்க நாகர்கோவிலில் ஒரு சென்டர்: எங்கள் அனுபவமும் என் மதிப்பீடும்

வீட்டில் யாருக்காவது ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருந்தால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சாதாரண எம்ஆர்ஐ என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று நம் மாவட்டத்தில் எங்கே பஸ் இறங்கினாலும் ஒரு ஸ்கேன் சென்டர் போர்டு கண்ணில் படும், டாக்டர் சீட்டில் எழுதிய இடத்துக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்துவிடலாம். இது அப்படி இல்லை. மூளைக்குள் ஓடும் ரத்தத்தில் ஆக்சிஜன் எந்த இடத்தில் எந்த நேரம் மாறுகிறது என்பதைத்தான் இந்த ஸ்கேன் பிடிக்கிறது. அதனால் படுத்திருக்கிற ஆள் எப்படி மூச்சு விடுகிறார், காலையில் சாயா குடித்தாரா, உடம்பில் ரத்தம் குறைவா, சொன்ன வேலையை மனசுக்குள் ஒழுங்காகச் செய்தாரா என்று எல்லாமே படத்தில் ஏறும். இதையெல்லாம் கேட்காமல் எடுக்கிற சென்டரில் எடுத்தால் கலர் கலராகப் படம் கிடைக்கும், அதை நம்பி ஆபரேஷன் பண்ண முடியுமா என்பது வேறு விஷயம்.

நாங்கள் போனது வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் சென்டர். 3 டெஸ்லா மெஷின், டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு. நோயாளி என் அக்கா என்பதால் சென்டரின் பெயரைப் போடவில்லை. நீங்கள் எந்த சென்டருக்குப் போனாலும் கீழே சொல்கிறவற்றை வைத்து எடை போட்டுக்கொள்ளலாம். நான் கொடுக்கும் மார்க் ஐந்துக்கு நாலரை. அந்த அரை மார்க் எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

அக்காவுக்கு மூளையின் இடது பக்க டெம்போரல் பகுதியில், அதாவது காதை ஒட்டின பகுதியில், ஒரு கேவர்னோமா. மெல்லிய சுவருள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கொத்தாகச் சேர்ந்து கிடப்பதுதான் அது. புற்றுநோய் இல்லை. ஆனால் அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் கசியும், கசிந்த இடத்தைச் சுற்றி இரும்புக் கறை படியும், அந்தக் கறை பக்கத்துத் திசுவை உறுத்தி வலிப்பு வரவைக்கும். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில் பார்க்கும் டாக்டர், எடுத்துவிடலாம், ஆனால் பேச்சுக்கான இடம் அந்தக் கொத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரும்பாலான ஆட்களுக்குப் பேச்சு இடது மூளையில்தான் இருக்கும், ஆனால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்காது. முன்பெல்லாம் இதற்கு வாடா டெஸ்ட் செய்வார்கள். ஜூன் வாடா என்ற டாக்டர் 1949-இல் வெளியிட்ட முறை, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி ஒரு பக்க மூளையைச் சில நிமிஷம் மட்டும் உறங்கவைத்துவிட்டு, ஆளால் பேச முடிகிறதா என்று பார்ப்பது. ஃபங்ஷனல் எம்ஆர்ஐ வந்த பிறகு பல பேருக்கு அது தேவைப்படுவதில்லை. குழாய் ஏற்ற வேண்டாம், இந்த ஸ்கேனுக்கென்று கான்ட்ராஸ்ட் ஊசிகூட வேண்டாம். உடம்பில் ஓடுகிற ரத்தமே கான்ட்ராஸ்ட் மருந்தின் வேலையைச் செய்துவிடும்.

அது எப்படி என்று அம்மாதான் முதலில் கேட்டாள். கோவிட் சமயத்தில் வாங்கின விரல் ஆக்சிமீட்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அக்கா விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல 98 காட்டுதே டாக்டர், பின்ன எதுக்கு அம்புட்டு பெரிய மெஷினுல ஆக்சிஜன் பார்க்கணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அங்கிருந்த ரேடியாலஜி டாக்டரம்மா அதைத் தட்டிவிடாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார், அதற்கே முதல் ஒரு மார்க். விரலில் மாட்டுகிற கருவி சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் விரல் வழியாக அனுப்பி, நுரையீரலிலிருந்து புதிதாக வருகிற தமனி ரத்தத்தில் எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று சொல்கிறது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு அது எந்த விரலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூளை அந்த ரத்தத்தை வாங்கி, வேண்டிய ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை சிரை வழியாக அனுப்பும்போது அது 60, 70 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். எம்ஆர்ஐ மெஷின் கவனிப்பது அந்த இறங்கின ரத்தத்தை. விரலில் 98 என்பது மூளைக்குள் எந்த மூலையில் எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது.

இனி காந்தத்துக்கு வருகிறேன், இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டுக்கு வந்தும் நிறையத் தேடிப் படித்தேன். ஹீமோகுளோபினுக்குள் இரும்பு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆக்சிஜன் ஒட்டியிருக்கும்போது அந்த இரும்பை காந்தம் ஈர்ப்பதில்லை, சுற்றியிருக்கும் திசுவைப் போலவே மிக மிக லேசாக விலகி நிற்கும். ஆக்சிஜன் இறங்கியதும் அதே இரும்பில் ஜோடி சேராத 4 எலக்ட்ரான்கள் வந்துவிடும், காந்தம் ஈர்க்கிற பொருளாக மாறிவிடும். 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் இதை அளந்து நிரூபித்தார்கள். எம்ஆர்ஐ மெஷின் பிறக்கவே இல்லாத காலம் அது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதன் காந்தக் குணமே மாறும் என்ற உண்மை, அரை நூற்றாண்டுக்கு மேல் மூளைப் படத்துக்குப் பயன்படாமலே கிடந்தது.

அது படத்தை எப்படிப் பாதிக்கிறது? எம்ஆர்ஐ சிக்னல் நம் உடம்புத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களிலிருந்து வருகிறது. 3 டெஸ்லா காந்தத்துக்குள் அவை ஒரு வினாடிக்குச் சுமார் 12 கோடியே 80 லட்சம் தடவை சுழலும், எல்லாம் ஒரே தாளத்தில் சுழன்றால்தான் சிக்னல் பலமாக வரும். கோயில் திருவிழாவில் சிங்காரி மேளம் பார்த்திருப்பீர்கள், அத்தனை பேரும் ஒரே தாளத்தில் அடிக்கும்போது நெஞ்சு அதிர்கிறது, நடுவில் சில பேர் தாளம் தவறினால் அதே ஆட்கள் அதே பலத்தோடு அடித்தாலும் சத்தம் கலைந்துபோகும். ஆக்சிஜன் இறங்கின ரத்தம் ஓடுகிற குழாயைச் சுற்றிக் காந்தப்புலம் கொஞ்சம் கோணலாகிறது, அங்கே இருக்கும் தண்ணீரின் தாளம் தவறுகிறது, சிக்னல் சீக்கிரம் தேய்ந்து அந்த இடம் படத்தில் கறுப்பாக விழுகிறது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடினால் கோணல் இல்லை, அந்த இடம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும்.

இதை மூளைப் படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் செய்ஜி ஒகாவா, ஜப்பான்காரர், அமெரிக்காவில் பெல் லேப் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1990-இல் எலிகளின் மூளையைப் பலமான காந்தத்தில் வைத்துப் படம் எடுத்தார். எலி சாதாரணக் காற்றை மூச்சிழுத்தபோது மூளைப் படம் முழுக்கக் கறுப்புக் கோடுகள், எல்லாம் ரத்தக்குழாய்கள். சுத்த ஆக்சிஜனை மூச்சிழுக்க வைத்ததும் அந்தக் கோடுகள் மறைந்துவிட்டன. அதே எலி, அதே மூளை, அதே மெஷின், மாறியது ரத்தத்தின் ஆக்சிஜன் மட்டும். இது குழாயின் வேலையா ரத்தத்தின் வேலையா என்று பார்க்க, ரத்தத்தை டியூபில் நிறைத்து உப்புத் தண்ணீரில் வைத்தும் படம் எடுத்திருக்கிறார்கள்: ஆக்சிஜன் உள்ள ரத்தம் டியூபுக்கு வெளியே ஒன்றும் செய்யவில்லை, ஆக்சிஜன் இல்லாத ரத்தம் டியூபுக்கு வெளியே இருந்த தண்ணீரின் படத்தையும் சேர்த்துக் கெடுத்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து இப்படி மாறுகிற சிக்னலுக்கு போல்ட் (BOLD) என்ற பெயர் ஒகாவா வைத்ததுதான். 1992-இல் மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் என்று மூன்று இடங்களிலிருந்து, மனிதர் விழித்திருக்கும்போதே ஊசி எதுவும் இல்லாமல் மூளை வேலை செய்வதைப் படம் பிடித்த கட்டுரைகள் வந்தன.

இதில் ஒரு இடம் எனக்குப் புரியவே நேரம் பிடித்தது, உங்களுக்கும் பிடிக்கும். மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் செலவாகும், அப்படியானால் அந்த இடம் கறுப்பாகத்தானே ஆக வேண்டும்? நடப்பது நேர்மாறு. வேலை செய்கிற இடத்துக்கு உடம்பு தேவைக்கும் மேலே ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. 1986-இல் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்கிளும் பெட் ஸ்கேனில் அளந்தபோது, விரலுக்கு அதிர்வு கொடுத்த நேரத்தில் அதற்குரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. வரவு செலவை மிஞ்சுவதால் அங்கே சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் குறைந்து, வேலை செய்கிற இடம் வெளிச்சமாகிறது. அதுவும் உடனே இல்லை. யோசித்த பிறகு 5, 6 வினாடி கழித்துத்தான் சிக்னல் உச்சிக்கு வரும், அப்புறம் இறங்கி, பழைய அளவுக்கும் கொஞ்சம் கீழே போய்விட்டுத் திரும்பும். கூடுகிற அளவும் ஒன்று முதல் ஐந்து சதவீதம் போலத்தான். கண்ணால் பார்த்தால் இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு முழு மூளைப் படம் என்று நிறைய எடுத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத்தான் அந்த மாற்றத்தைத் தேடி எடுக்கிறார்கள். சிக்னல் இவ்வளவு சின்னது என்பதால்தான் சென்டர் முக்கியம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

இனி அவர்கள் செய்தது. முந்தின நாளே போன் பண்ணி, வலிப்பு மாத்திரையை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது, வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டு வாருங்கள், காலையில் சாயாவும் காப்பியும் மட்டும் வேண்டாம் என்றார்கள். காஃபின் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், அதனால் கணக்கே மாறும். ஹெச்பி ரிப்போர்ட் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். ரத்தசோகை உள்ளவருக்கு ஹீமோகுளோபினே குறைவு என்பதால் போல்ட் சிக்னலும் மங்கலாக வரும், அதைத் தெரிந்துகொண்டு படத்தைப் படிக்க வேண்டுமாம். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு ஹெச்பி குறைவு என்று யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை. அக்காவின் முதல் ஸ்கேன் வேறொரு இடத்தில் எடுத்தது, அங்கே பெயர், வயசு, பணம் தவிர ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன உடன் உள்ளே தள்ளிவிடவில்லை. பக்கத்து அறையில் லேப்டாப்பை வைத்து மெஷினுக்குள் செய்ய வேண்டியதை ஒத்திகை பார்க்க வைத்தார்கள். திரையில் ஒரு பெயர்ச்சொல் வரும், அதற்குப் பொருந்தும் வினையை வாய் திறக்காமல் மனசுக்குள் யோசிக்க வேண்டும். வலை என்று வந்தால் வீசு, கத்தி என்று வந்தால் வெட்டு. 30 வினாடி வார்த்தை வரும், 30 வினாடி வெறும் கூட்டல் குறி, அப்போது சும்மா கிடக்க வேண்டும். சிக்னல் ஏறவும் இறங்கவும் அவ்வளவு நேரம் வேண்டும் என்பதால்தான் அந்த 30 வினாடி.

டெக்னீஷியன் மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி. ஆரம்பிக்கும் முன், "அக்காவுக்கு வீட்டுல தமிழா மலையாளமா?" என்று கேட்டான். அக்கா படித்ததெல்லாம் களியக்காவிளை பக்கம் தமிழில்தான், கட்டிக்கொடுத்தது பாறசாலையில், அங்கே அத்தானும் பிள்ளைகளும் மலையாளம். நாங்கள் சொல்லாமலே அவன் கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இரண்டு மொழியிலும் வார்த்தைப் பட்டியல் தயாராக வைத்திருக்கிறார்கள், இரண்டிலும் தனித்தனியாக எடுத்தார்கள். விளவங்கோடு பக்கத்தில் இரண்டு மொழியும் சர்வசாதாரணம். ஒரு மொழியில் மட்டும் எடுத்து ஆபரேஷன் முடிந்த பிறகு இன்னொரு மொழியில் தடுமாறினால் யார் பதில் சொல்வது? இங்கிலீஷ் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, ஆள் தமிழ் மட்டும் தெரிந்தவர் என்றாலும் அதையே காட்டுகிற இடம் இருந்தால் அங்கே எடுக்காதீர்கள்.

உள்ளே போகும் முன் உலோகச் சோதனை. கம்மல், வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றியாயிற்று, தாலிச் சரட்டில் கோத்திருந்த இரண்டு ஊக்கு அக்காவுக்கும் ஓர்மை இல்லை, எங்களுக்கும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருத்தர் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து எடுத்தார், மஞ்சள் கயிறு ஒன்று அவர்களே வைத்திருந்து கட்டிவிட்டார்கள். தங்கத்தை காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் இறந்தது நினைவிருக்கும், ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இங்கே உள்ளே ஆக்சிஜன் சுவர்க் குழாய் வழியாகத்தான் வருகிறது, ஸ்ட்ரெச்சரில் வருகிறவரைக் கதவுக்கு வெளியிலேயே மாற்றிவிடுகிறார்கள். அம்மாவின் விரல் ஆக்சிமீட்டரையும் வெளியே வாங்கி வைத்துவிட்டு, அவர்களுடைய ஃபைபர் ஆப்டிக் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். ஒயர் உள்ள சாதாரணக் கருவி என்றால், மெஷின் அனுப்பும் ரேடியோ அலையில் அந்த ஒயர் சூடேறித் தோலைப் பொசுக்கிவிடக்கூடும்.

அக்காவுக்கு அந்தக் குழாயைப் பார்த்ததும் வெப்ராளம் வந்துவிட்டது. மூச்சு வேகமாக வாங்கியது. டெக்னீஷியன் அவசரப்படுத்தவில்லை, வெளியே இழுத்து உட்கார வைத்து, "அக்கா, மூச்சை ஒரே சீரா விடணும், பிடிச்சு வைக்கப்பிடாது, வேகமாவும் இழுக்கப்பிடாது. அவசரமே இல்ல, மெதுவா போவோம்" என்றான். ஆறுதலுக்காக மட்டும் சொன்னதில்லை அது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளை ரத்தக்குழாய் சுருங்கும், சிக்னல் இறங்கும். மூச்சைப் பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு கூடி, குழாய் விரிந்து, யோசனை எதுவும் இல்லாமலே மூளை முழுக்கச் சிக்னல் ஏறும். மூளைக் குழாய் ஒழுங்காக விரிகிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே மூச்சைப் பிடிக்கச் சொல்லும் டெஸ்டும் இருக்கிறது, அதைக் கடைசியில் அக்காவுக்கும் எடுத்தார்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் ரவுண்டில் தலை அசைந்துவிட்டது. சில மில்லிமீட்டர் அசைந்தாலே இரண்டு சதவீத மாற்றத்தை எங்கே தேடுவது? வந்த கிராஃபைப் பார்த்துவிட்டு அவர்களே மறுபடி எடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தை வைத்து, கையில் அழுத்துகிற பந்து கொடுத்து, ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் மைக்கில் அக்காவிடம் பேசினார்கள். பேச்சு முடிந்த பிறகு வலது கை விரல்களைப் பெருவிரலில் தொட்டுத் தொட்டு எடுக்கிற ஒரு ரவுண்டு. அது எல்லோருக்கும் நன்றாக வருமாம். அது சரியாக வந்தால் மெஷினும் ரத்த ஓட்டமும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நம்பலாம்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். குழந்தை இறங்கியதும் அந்தத் தம்பி ஃபாரத்தில் ஆக்சிஜன் கொடுத்து எடுத்தது என்று எழுதினான், எதற்கு என்று கேட்டேன். முகமூடியில் அதிக ஆக்சிஜன் போகும்போது, ஃபிளேர் என்ற படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய மூளைத் தண்ணீர் வெள்ளையாகத் தெரியக்கூடும், ஏனென்றால் ஆக்சிஜன் மூலக்கூறே காந்தத்தால் ஈர்க்கப்படுகிற பொருள். இந்த விவரம் தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்தால் மூளைக்காய்ச்சலோ ரத்தக் கசிவோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. சிரைகளைக் கறுப்பாகக் காட்டும் எஸ்டபிள்யூஐ படத்திலும் ஆக்சிஜன் கொடுத்தால் சிரைகள் மங்கிவிடும். ஒரு வரி எழுதினால் ஒரு குடும்பத்தின் பயம் போகும். எந்த சென்டரிலும் உங்கள் ஆளுக்கு ஆக்சிஜன் கொடுத்து எடுத்தால் அதை ரிப்போர்ட்டில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரிசல்ட்டுக்கு வருவோம். டாக்டரம்மா அக்காவையும் என்னையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக் காட்டினார். இடது முன்பக்கம் நெற்றிக்குக் கீழே ஒரு மஞ்சள் சிவப்புத் திட்டு, தமிழிலும் மலையாளத்திலும் பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. பின்பக்கம் இன்னொரு திட்டு. அப்புறம் மவுஸால் ஒரு கோட்டை இங்கும் அங்கும் நகர்த்தினார், அதே திட்டு சுருங்கியது, பெருத்தது. "இந்த நிறம் நாங்க கணக்குல வச்ச வரம்பைப் பொறுத்தது. இதோட ஓரத்தை மூளையோட எல்லைன்னு நினைக்காதீங்க" என்றார். எத்தனை பேர் இதை நோயாளியிடம் சொல்வார்கள்?

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் நான் இதை எழுதக் காரணம். கேவர்னோமாவை ஒட்டின இடத்தில் நிறமே இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், அங்கே பேச்சு இல்லை, தைரியமாக எடுக்கலாம் என்று. அவர் உடனே தடுத்தார். கேவர்னோமாவைச் சுற்றிப் படிந்திருக்கும் பழைய ரத்தத்தின் இரும்புக் கறை, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் செய்வதைவிடப் பல மடங்கு காந்தப்புலத்தைக் கெடுக்கும், அங்கே சிக்னலே வருவதில்லை, அதனால் பேச்சு இருந்தாலும் நிறம் தெரியாது. காதுக்குழிக்கு மேலே இருக்கும் டெம்போரல் அடிப்பகுதியிலும் எலும்புக்குள் இருக்கும் காற்றால் இதே பிரச்சினை, 3 டெஸ்லாவில் அது கூடுதல். கட்டியோ கோளாறான குழாயோ இருக்கும் இடத்தில், நரம்பு வேலை செய்தாலும் ரத்தம் கூடுதலாகப் பாயாமல் இருக்கலாம், அப்போதும் நிறம் வராது. அதைச் சோதிக்கத்தான் அந்த மூச்சுப் பிடிக்கிற ரவுண்டு: எந்தெந்த இடத்தில் குழாய் விரியவே இல்லையோ அங்கே நிறம் இல்லாததை நம்ப முடியாது. இவை அத்தனையையும் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார், எந்த இடத்தை இந்தப் படத்தால் சொல்ல முடியாது என்று குறியும் போட்டிருக்கிறார். இந்த மெஷின் நரம்பை நேரடியாகப் பார்ப்பதில்லை, நரம்பு வேலை செய்த பிறகு ரத்தத்தில் நடக்கும் ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது, ரத்தத்தில் குளறுபடி இருக்கும் இடத்தில் படமும் குளறுபடிதான். தன் படம் எங்கே பொய் சொல்லும் என்று வாயால் சொல்கிற சென்டரைத்தான் நான் நல்ல சென்டர் என்பேன். திருவனந்தபுரத்து டாக்டரும் ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் படித்தார். அந்த ஓரத்தில் ஆபரேஷன் சமயத்திலேயே விழிக்க வைத்துப் பேசச் சொல்லிச் சோதித்துக்கொண்டே போகலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

குறைகள். காத்திருக்கும் இடம் நெருக்கடி, ஃபேன் போதவில்லை, வலிப்புக்காரர்களை அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார வைப்பது சரியில்லை, ஒரு கட்டிலாவது போட வேண்டும். வாசலில் மூன்று படி, வீல்சேருக்குச் சாய்வுப் பாதை இல்லை, இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். ரிப்போர்ட் சொன்ன நாளில் தரவில்லை, போன் பண்ணியும் இழுத்தார்கள், கேட்டால் கணக்குப் போட நேரமாகிறது என்றார்கள். இந்தக் கணக்குக்கு நேரம் பிடிக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும், ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அத்தான் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு வீணாக வந்து திரும்பியிருக்க மாட்டார். பணம் சாதாரண மூளை எம்ஆர்ஐயைவிட நன்றாகவே கூடுதல். இன்சூரன்ஸ் உள்ளவர்கள் எடுக்கும் முன்னாலேயே அப்ரூவல் வாங்கிவிடுங்கள், எடுத்த பிறகு ஓடுவது கஷ்டம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பாக்கி. கடைசியில் கையில் கொடுப்பது ஃபிலிமும் கலர் பிரிண்டும்தான். அது ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குப் போதாது, அவர்கள் ஆபரேஷனில் வழிகாட்டுகிற நேவிகேஷன் மெஷினில் ஏற்றிப் பார்ப்பதற்கு மூலப் படங்கள் அத்தனையும் சிடியில் வேண்டும். சிடியில் ரிப்போர்ட் படம் மட்டும் இருக்கிறதா, போல்ட் வரிசைகளும் எஸ்டபிள்யூஐயும் முழுசாக இருக்கிறதா என்று கவுன்டரில் நின்றே கேட்டு, அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்த சிடியில் மலையாள ரவுண்டு இல்லை, அங்கேயே பார்த்ததால் உடனே வேறு போட்டுக் கொடுத்தார்கள். பாறசாலை தாண்டிப் போன பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.